பெட்ரோல் குடிக்கும் வண்டிக்குக் கூடுதல் வரி: அது எதற்கு, ஏன் இத்தனை கோபம்?

எங்கள் ஊரில் யார் வீட்டு வாசலிலாவது புது வண்டி வந்து நின்றால், "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. விலையெல்லாம் பிறகுதான். கேட்டவர் பதிலோடு விட்டுவிடவும் மாட்டார். "அது கீழே கொடுப்பது. மலையில் எவ்வளவு?" என்று அடுத்த கேள்வி வரும். கோத்தகிரிக்காரர்களுக்குக் கீழே என்றால் மேட்டுப்பாளையமும் அதற்கு அப்பால் உள்ள சமவெளி முழுவதும்தான்.

சில வாரங்களுக்கு முன்னால் என் சித்தப்பா மகன் கோயம்புத்தூரில் ஒரு கார் ஷோரூமிலிருந்து போன் செய்தான். குரலிலேயே சூடு தெரிந்தது. அவனுக்கு மூன்று ஏக்கர் தேயிலை இருக்கிறது. அதோடு, சுற்றுலா வருகிறவர்கள் தங்க இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறான். வீட்டிலிருந்து தோட்டத்தின் அடிவரை போவது மண் பாதை. மழைக்காலத்தில் சாதாரண கார் அதில் இறங்கினால் மறுபடி ஏறாது. அதனால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் உள்ள மகிந்திரா தார் வாங்கலாம் என்று போயிருந்தான். "அக்கா, ஒரே பெயர், ஒரே நீளம், இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், நான் கேட்கிற வண்டிக்கு 40 சதவீதம். சேற்றில் ஏறுகிற வண்டி வேண்டும் என்று கேட்டதற்கு அபராதமா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஷோரூமில் நின்றுகொண்டிருப்பவனுக்குப் போனில் சொல்லி முடிக்கக்கூடியது அல்ல என்பதால், சற்று நிதானமாக இங்கே எழுதுகிறேன். எரிபொருளை அதிகம் குடிக்கும் வண்டிகளுக்குக் கூடுதல் வரி போடும் வழக்கம் உலகின் பல நாடுகளில் இருக்கிறது. போட்ட இடத்திலெல்லாம் வண்டி வைத்திருப்பவர்கள் கோபப்பட்டிருக்கிறார்கள். சில இடங்களில் கோபம் ஓரிரு மாதங்களில் அடங்கியிருக்கிறது; சில இடங்களில் அரசே பின்வாங்கியிருக்கிறது. இந்த வித்தியாசம் எதனால் வருகிறது என்று பார்த்தால் வரியின் சூட்சுமமே விளங்கிவிடும்.

மேல் வீடும் கீழ் வீடும்

சரிவில் வீடு கட்டி வாழ்கிறவர்களுக்கு இந்த வரியின் அடிப்படையைச் சொல்வது எளிது. மேல் வீட்டுக்காரர் கழிவுநீரைச் சரிவில் திறந்துவிட்டால் அவர் முற்றம் சுத்தமாகவே இருக்கும். நாற்றம் கீழ் வீட்டுக்குப் போகும். குழாய் போட்டு எடுத்துச்செல்ல ஆகும் செலவு அவருக்கு மிச்சம். கொசுவும் காய்ச்சலும் கீழ் வீட்டுக்காரர் தலையில். மேல் வீட்டுக்காரர் பொல்லாதவர் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செலவு அவர் கணக்குப் புத்தகத்தில் எங்கேயும் வருவதில்லை, அவ்வளவுதான்.

கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த ஆர்தர் பிகு 1920-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். அடுத்தவர் மீது விழும் செலவை, அதை உண்டாக்குகிறவர் கணக்கிலேயே வரியாக எழுதிவிடுங்கள். தடை விதிக்க வேண்டாம், சிறையில் போட வேண்டாம். செலவு கண்ணுக்குத் தெரிந்தால் மனிதர்கள் தாங்களாகவே யோசிப்பார்கள் என்றார்.

வண்டிப் புகையும் மேல் வீட்டுச் சாக்கடை போன்றதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானே இருக்கிறது, அதிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். பெட்ரோலில் உள்ள கார்பன் எரியும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. கூடுதல் எடை அந்த ஆக்சிஜனுடையது. இந்தியாவுக்கு இன்னொரு செலவும் உண்டு. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ வளைகுடாவில் போர் மூண்டால் குன்னூரில் காய்கறி விலை ஏறுவது இதனால்தான்.

இதைக் கேட்டதும் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். பெட்ரோலுக்கு ஏற்கெனவே மத்திய அரசு கலால் வரி போடுகிறது, மாநில அரசு மதிப்புக்கூட்டு வரி போடுகிறது. அதிகம் குடிக்கும் வண்டி வைத்திருப்பவர் அதிக பெட்ரோல் போடுகிறார்; அதிக வரியும் கட்டிவிடுகிறார். அப்புறம் வண்டி மீதும் எதற்கு இன்னொரு வரி? ஒரே ஆட்டை இரண்டு முறை உரிப்பதா?

இந்த எதிர்ப்புக்கு வலு உண்டு. பொருளாதாரம் படித்தவர்களில் பலரும், எரிபொருள் வரி ஒன்றே போதும் என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் மாமா வைத்திருக்கும் பெரிய டீசல் வண்டிக்கு அவர் மூன்றாவது சொந்தக்காரர். முதலில் வாங்கியவர் கோயம்புத்தூரில் ஒரு தொழிலதிபர். ஷோரூமில் நின்று எஞ்சினைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். நான்கு வருடம் ஓட்டிவிட்டு விற்றார். வாங்கியவர் இன்னும் ஐந்து வருடம் ஓட்டினார். அதன்பிறகு மலைக்கு வந்தது. அந்த வண்டி தன் ஆயுளில் குடிக்கப்போகும் டீசலில் பெரும்பங்கு, அதைத் தேர்ந்தெடுக்காதவர்கள் பணத்தில் போடப்படுகிறது. இன்று டீசல் வரியைக் கூட்டினால் மாமாவுக்கு வலிக்கும். பத்து வருடம் முன்னால் அந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்தவருக்கு வலிக்காது. நீலகிரியில் ஓடும் வண்டிகளில் எத்தனையோ இப்படிக் கீழிருந்து கைமாறி வந்தவைதான். தேர்வு செய்கிற நிமிடத்தில், தேர்வு செய்கிறவரிடம் பேசுவதற்குத்தான் வாங்கும்போது போடும் வரி.

மனிதர்கள் கணக்குப் போடும் விதமும் ஒரு காரணம். ஷோரூமில் இருபதாயிரம் ரூபாய் தள்ளுபடிக்கு அரை நாள் பேரம் பேசுகிறோம். அடுத்த பத்து வருடம் பெட்ரோல் பங்கில் கொட்டப்போகும் லட்சங்களைப் பற்றி அந்த அரை நாளில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மைலேஜ் எண் நம்மை ஏமாற்றும் விதம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். வரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒருவரிடம் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி இருக்கிறது. அதை விற்றுவிட்டு 10 கொடுக்கும் வண்டி வாங்குகிறார். இன்னொருவர் 20 கொடுக்கும் வண்டியை விற்றுவிட்டு 25 கொடுக்கும் வண்டி வாங்குகிறார். யார் அதிகம் மிச்சப்படுத்துகிறார்? முதலாமவருக்குக் கூடியது 2, இரண்டாமவருக்குக் கூடியது 5. எனவே இரண்டாமவர் என்றுதான் சட்டென்று தோன்றும்.

வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்கு முன்பு 1,250 லிட்டர், இப்போது 1,000. மிச்சம் 250 லிட்டர். இரண்டாமவருக்கு முன்பு 500 லிட்டர், இப்போது 400. மிச்சம் 100 லிட்டர்தான். அடிமட்டத்தில் இருக்கும் வண்டிகளைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாலே பெரிய மிச்சம் கிடைக்கிறது. இந்த வரிகள் எல்லா வண்டியையும் விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் இருப்பதைக் குறிவைப்பதன் காரணம் இதுதான். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இந்த ஏமாற்றத்துக்கு இடமில்லை. அங்கே 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறார்கள்.

மலைக்கு வந்தால் கணக்கில் எடை புகுந்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். 1,000 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் சுமார் 1.9 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.3 கோடி ஜூல் இருக்கிறது. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேருகிறது, மிச்சம் சூடாகப் போய்விடுகிறது. ஆக, தூக்குவதற்கு மட்டும் இரண்டே கால் லிட்டருக்கு மேல். வண்டி 2,000 கிலோ என்றால் நாலரை லிட்டருக்கு மேல். சாலையில் உருளுவதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் ஆவது இதில் சேரவில்லை.

ஏறும்போது கொடுத்ததை இறங்கும்போது திரும்பப் பெறலாமே என்றால், பெட்ரோல் வண்டியில் அது நடக்காது. ஏறும் கியரிலேயே இறங்குங்கள் என்று மலைப்பாதையில் பலகை வைத்திருப்பார்கள். அதை மதிக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்த வண்டிகள் பர்லியாறு அருகே ஓரம்கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை எழும். கருகிய வாடை பத்தடி தூரத்திலேயே மூக்கில் ஏறும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா கீழே இறங்கி நிற்பார். அந்த வாடை வேறொன்றுமில்லை. ஏறும்போது எரித்த பெட்ரோலின் ஆற்றல்தான், மலை உச்சிவரை சேமித்து வைத்துவிட்டு இப்போது பிரேக் தட்டில் சூடாகத் தொலைகிறது. வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவு வாடை. மின்சாரக் கார்களும், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார்களும் மட்டும் இறக்கத்தில் அதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பிக்கொள்கின்றன.

ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தமும் சமவெளியில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும். எனவே மலைக்காரர்கள் வலுவான எஞ்சின் கேட்பது பகட்டுக்காக என்று கீழே இருப்பவர்கள் நினைத்தால் அது தவறு. என் தம்பியின் கோபத்தில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது.

வரி வந்தபோது வண்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்பதை நிறுத்தியபோது அங்கே பெட்ரோல் பங்குகளில் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1978-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பெட்ரோலை விழுங்கும் கார்களுக்கான வரி என்றே அதற்குப் பெயர். 1980-ஆம் வருட மாடல் கார்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. இன்றைய விதிப்படி கேலனுக்கு 22.5 மைல், அதாவது நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 9.6 கிலோமீட்டர் கொடுக்காத புதுக் கார்களுக்கு 1,000 டாலரிலிருந்து 7,700 டாலர்வரை வரி.

பெரிய கலகம் எதுவும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சட்டம் கார்களை மட்டும் பிடித்தது. ட்ரக், வேன், ஜீப் வகைகளை விட்டுவிட்டது. 1978-இல் அந்த வகைகளைப் பெரும்பாலும் தொழிலுக்குத்தான் பயன்படுத்தினார்கள் என்பதால் அது அப்போது நியாயமாகவே பட்டது. பிறகு என்ன ஆயிற்று? எஸ்.யூ.வி. என்ற பெயரில் ட்ரக் வகை வண்டிகள் குடும்ப வண்டிகளாக மாறின. வரி அவற்றைத் தொடவே இல்லை. இன்று அந்த வரியைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் விலை உயர்ந்த பந்தயக் கார் வகைகளை வாங்குகிறவர்கள். கோடிக்கணக்கில் கொடுத்துக் கார் வாங்குகிறவருக்கு 7,700 டாலர் உறைக்கவே உறைக்காது. கோபம் வராத வரி என்பது எப்போதும் நல்ல வரி ஆகிவிடாது.

பிரிட்டனில் நடந்தது வேறு கதை. அங்கே 2001 மார்ச்சிலிருந்து வருடாந்தர வாகன வரியைக் கார்பன் டை ஆக்சைடு அளவைப் பார்த்துப் போடத் தொடங்கினார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள், கட்டினார்கள். 2008-இல் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் அதிகப் புகை விடும் கார்களுக்கு வரியைக் கணிசமாகக் கூட்டப்போவதாக அறிவித்தபோதுதான் வெடித்தது. புதுக் கார்களோடு நிற்காமல் 2001-க்குப் பிறகு வாங்கிய பழைய கார்களுக்கும் அது பொருந்தும் என்றதே காரணம். ஏழு வருடம் முன்னால் வாங்கிய குடும்பக் காருக்கு இப்போது புது வரியா? வாங்கும்போது இப்படி ஒரு விதி இருந்தால் வேறு கார் வாங்கியிருப்பேனே! விற்கலாம் என்றாலும், அதே வரிக்குப் பயந்து யார் வாங்குவார்கள்? ஆளுங்கட்சி எம்.பி.க்களே எதிர்த்தார்கள். அந்த வருட நவம்பரில் அரசு அந்த உயர்வைப் பெருமளவு குறைத்துக்கொண்டது.

பிரான்ஸ் இரண்டு பாடங்களையும் ஒரே நாட்டில் காட்டியது. 2008-இல் அங்கே புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு திட்டம் வந்தது. அதிகப் புகை விடும் காருக்கு அபராதம்; குறைந்த புகை விடும் காருக்கு ஊக்கத்தொகை. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுப்பது. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சிறிய கார்களுக்கு மாறினார்கள். எவ்வளவு மாறினார்கள் என்றால், வசூலான அபராதத்தைவிடக் கொடுக்க வேண்டிய ஊக்கத்தொகை அதிகமாகி, முதல் சில வருடங்கள் அரசுக்கு நஷ்டம். தெருவில் யாரும் இறங்கவில்லை. பத்து வருடம் கழித்து அதே நாடு எரிபொருள் வரியைக் கூட்டியது. 2018 நவம்பர் 17 அன்று, கார்களில் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய மஞ்சள் நிறப் பாதுகாப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு லட்சக்கணக்கானோர் சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். அவர்களில் பலர் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். பஸ் இல்லாத ஊர், வேலைக்குப் போக முப்பது நாற்பது கிலோமீட்டர், கையில் இருப்பது பழைய டீசல் கார். டீசல்தான் நல்லது என்று பல வருடம் வரிச்சலுகை கொடுத்துப் பழக்கியதும் அதே அரசுதான். டிசம்பரில் அந்த வரி உயர்வு கைவிடப்பட்டது.

ஒரே மக்கள், ஒரே நோக்கம். முதல் முறை வாங்கப்போகும்போது கேட்டார்கள், மாற்று வழியையும் கையில் கொடுத்தார்கள். இரண்டாம் முறை வாங்கிய பிறகு பிடித்துக்கொண்டார்கள், மாற்று வழி எதுவும் இல்லை. தொகை பெரிதா சிறிதா என்பதைவிட இந்த வித்தியாசம்தான் கோபத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் நெருக்கமாகப் படுவது நியூசிலாந்து. அங்கே யூட் என்று சொல்வார்கள்; முன்னால் கார், பின்னால் திறந்த தொட்டி, நம் பிக்கப் மாதிரி. விவசாயி அதில்தான் தீவனம் ஏற்றுவார், அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போவார். 2021 ஜூலையிலிருந்து மின்சாரக் கார் வாங்குகிறவர்களுக்கு அரசு தள்ளுபடி கொடுத்தது. அந்தப் பணத்தை ஈடுகட்ட 2022 ஏப்ரலிலிருந்து அதிகப் புகை வண்டிகளுக்குக் கட்டணம், தொடக்கத்தில் அதிகபட்சம் 5,175 நியூசிலாந்து டாலர். அரசு அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது. விவசாயிகள் அதை 'யூட் வரி' என்றே அழைத்தார்கள்; அந்தப் பெயரே நின்றது. 2021 ஜூலையில் டிராக்டர்களும் யூட்களும் ஊர் ஊராக அணிவகுத்தன. "நகரத்தில் இருப்பவர் மின்சாரக் கார் வாங்க நான் பணம் கொடுப்பதா? என் வேலைக்கு ஏற்ற மின்சார யூட் ஒன்றைக் காட்டுங்கள், வாங்குகிறேன்" என்பது அவர்கள் வாதம். அப்போது அவர்களுக்குக் காட்ட அப்படி ஒரு வண்டி சந்தையில் இல்லை. கட்டணம் தொடங்குவதற்கு முந்தைய மாதம், போட்டி போட்டுக்கொண்டு யூட் வாங்கிக் குவித்தார்கள். ஆட்சி மாறியதும் 2023 டிசம்பர் 31-உடன் திட்டமே முடிவுக்கு வந்தது.

விடிவதற்கு முன்னால் கேத்திப் பக்கம் கேரட் கழுவி மூட்டை கட்டி ஏற்றுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த விவசாயிகளைச் சுயநலக்காரர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நம் நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சரக்கு ஏற்றும் பிக்கப் தனி வகையாகப் பதிவாகிறது, அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் வண்டியும், வார இறுதியில் ஒரே ஆளோடு ஏறும் சொகுசு வண்டியும் நம் வரிக் கணக்கில் ஒன்றாகக் கலந்துவிடவில்லை.

நம் நாட்டு அளவுகோல்

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தியாவில் கார்களுக்கான ஜி.எஸ்.டி. பெரும்பாலும் இரண்டே படி. சிறிய கார்களுக்கு 18, பெரியவற்றுக்கு 40. மின்சாரக் கார்களுக்கு மட்டும் 5. சிறியது என்றால் நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் கொள்ளளவு பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அவன் பார்த்த இரண்டு தார்களுக்கும் நீளம் 3,985 மில்லிமீட்டர். ஒன்றின் டீசல் எஞ்சின் 1,497 சி.சி.; அது 18-க்குள் வந்துவிட்டது. ஃபோர் வீல் டிரைவ் உள்ள டீசல் வண்டியின் எஞ்சின் 2,184 சி.சி.; அது 40-க்குப் போய்விட்டது. நான்கு சக்கரமும் இழுப்பதற்கு வரி இல்லை தம்பி, எஞ்சினுக்குத்தான். ஆனால் சின்ன எஞ்சின் பொருத்திய தாரில் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். அதனால்தான் உனக்கு அபராதம் மாதிரித் தெரிகிறது.

கவனித்தீர்களா, இந்த விதியில் மைலேஜ் என்ற சொல்லே இல்லை. நம் வரி வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று கேட்பதில்லை. எவ்வளவு நீளம், எஞ்சின் எவ்வளவு பெரியது என்று கேட்கிறது. தமிழ்நாடு அரசின் ஆயுட்கால சாலை வரியும் அப்படித்தான். 2023 நவம்பர் முதல் வண்டி விலையைப் பார்த்து 12 சதவீதத்திலிருந்து 20 சதவீதம்வரை போகிறது. மைலேஜுக்கு அதில் இடமில்லை.

அளவுகோல் எதுவோ அதற்கேற்ப வண்டி வளையும். 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்குக் கலால் வரியை 24-இலிருந்து 16 சதவீதமாகக் குறைத்து, 4 மீட்டர் என்ற கோட்டை முதலில் கிழித்தார்கள். அதன் பிறகு வந்த கார்களின் நீளத்தைப் பாருங்கள்: 3,995 மில்லிமீட்டர், 3,990 மில்லிமீட்டர். 2008-இல் 4 மீட்டரைத் தாண்டியிருந்த மாருதி டிசையர் கார், 2012-இல் டிக்கி நறுக்கப்பட்டு 3,995-க்கு வந்தது. பெட்டி வைக்கும் இடம் குறைந்தது. பெட்ரோல் குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லை. லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கும் ஹைப்ரிட் கார், நீளம் 4 மீட்டரைத் தாண்டிவிட்டால் 40 சதவீதத்தில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் அதில் பாதிகூடக் கொடுக்காத குட்டைக் கார் 18-இல் இருக்கிறது. அயர்லாந்தில் 2008-இல் கார்பன் டை ஆக்சைடை மட்டும் அளவுகோலாக வைத்தபோது மக்கள் மொத்தமாக டீசலுக்குத் தாவினார்கள். கார்பன் குறைந்தது, நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு கூடியது. பிரான்ஸ் 2022-இல் எடையையும் சேர்த்துக்கொண்டு, 1,800 கிலோவைத் தாண்டும் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 யூரோ என்று வைத்தது. நம் மலைக்கு அதுதான் பொருத்தமான அளவுகோல் என்பது என் எண்ணம்.

நம் பக்கம் வேறொரு முறையும் நடக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் கோடை சீசனுக்கு நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. வரி விலையைக் கூட்டுகிறது, வரம்பு கதவைச் சாத்துகிறது. வியாபாரிகள் கடையடைத்துக் காட்டிய கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். சீசன் இரண்டு மாதம்தான், அதில்தான் வருட வருமானம். ஆனால் இந்த வரம்பின் கண்ணுக்கு ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்து வரும் சின்னக் காரும் ஒன்று, இரண்டு பேர் வரும் இரண்டு டன் வண்டியும் ஒன்று. கல்லாறில் நிற்கும் வரிசையில் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்கலாம் என்று யாராவது யோசித்தால் நன்றாக இருக்கும்.

தம்பிக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. அவன் கையில் இன்னும் தேர்வு இருந்தது, பணம் கட்டவில்லை. அதனால் ஒன்றே ஒன்று சொன்னேன். பெட்ரோல், டீசல் வண்டியில் ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்றால் இப்போதைக்கு 40 சதவீதத்திலிருந்து தப்ப முடியாது. மாருதி ஜிம்னியும் 4 மீட்டருக்குள்தான் இருக்கிறது, ஆனால் அதன் பெட்ரோல் எஞ்சின் 1,462 சி.சி. என்பதால் அதற்கும் 40-தான். வரி இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம், ஏற்றம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. எடை எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வா என்றேன்.

ஷோரூம் பையனுக்கு எடை தெரியவில்லையாம். விலை, கேமரா, திரையின் அளவு எல்லாம் மனப்பாடமாகச் சொன்னவர், எடைக்காக விளக்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாராம். அதன்பிறகு தம்பி தெருவைக் கடந்து இன்னொரு ஷோரூமுக்கும் போயிருக்கிறான். மாலையில் மறுபடி போன் வந்தது. பின்னால் மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்டது.

"அக்கா, ஜிம்னி 1,200 கிலோதான் என்று போட்டிருக்கிறது. நம் ஏற்றத்தில் எவ்வளவு கொடுக்கும்?"